வராதவர்களின் கணக்கு: மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை வாசித்தல்

உலக வங்கியின் உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ், கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனையை நடத்திப் பார்ப்பதற்காக 2007ஆம் ஆண்டையொட்டி முன்னோட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு மாவட்டங்கள் தேனியும் தஞ்சாவூரும் ஆகும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஏறக்குறைய ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறிய இடம் உண்டா என்று வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய முறை அதில் பயன்பட்டது. மருத்துவத் துறையினர் அதை வி.ஐ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கின்றனர். சின்னமனூரிலோ போடியிலோ அந்தப் பரிசோதனைக்கு வந்த பெண் அதன் பின்னால் நிற்கும் ஆய்வுகளை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சான்றின் பேரில் தன் உடலில் ஒன்று செய்யப்படுகிறது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்தச் சான்று ஆய்வுக் கட்டுரை என்னும் வடிவில் எழுதப்பட்டிருப்பதால், அந்த வடிவத்தைப் படிக்கும் முறையே இவ்வுரையின் பொருளாகிறது.

இன்றைய மருத்துவ ஆய்விதழ்கள் ஏறத்தாழ அனைத்தும் கட்டுரைக்கு ஒரே அமைப்பைக் கோருகின்றன. முதலில் சில நூறு சொற்களில் சுருக்கம். பிறகு கேள்வி ஏன் எழுந்தது என்று கூறும் முன்னுரை. யாரை, எங்கே, எவ்வாறு ஆராய்ந்தனர் என்று விவரிக்கும் முறைகள் பகுதி. எண்ணிக்கைகளும் அட்டவணைகளும் கொண்ட முடிவுகள் பகுதி. இறுதியாக, அந்த முடிவுகளுக்கு ஆசிரியர்கள் தரும் பொருளும் அவர்கள் ஒப்புக்கொள்ளும் குறைகளும் அடங்கிய விவாதம். நாளிதழ்ச் செய்திகள் பெரும்பாலும் சுருக்கத்திலிருந்தும், சில நேரம் சுருக்கத்தின் கடைசி வரியிலிருந்தும் மட்டுமே எழுதப்படுகின்றன. கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்கும் வியாபாரி பெட்டியின் மேலடுக்கை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. ஆய்வுக் கட்டுரையில் அடியடுக்கு என்பது முறைகள் பகுதியும் அட்டவணைகளும்தான். அவற்றை முதலில் படித்துவிட்டு, ஆசிரியர்களின் விவாதத்தைக் கடைசியில் படிப்பதே தேர்ந்த வாசகரின் வழக்கம். ஆய்விதழில் அச்சாகும் முன்பு துறை வல்லுநர் இருவரோ மூவரோ கட்டுரையை மதிப்பிடுகின்றனர் என்பது உண்மையே. எனினும் அவர்கள் பெரும்பாலும் எழுதப்பட்ட பிரதியைப் படிக்கிறார்களே தவிர, களத்தில் திரட்டிய மூலத் தரவுகளைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பதில்லை.

தேனிக்கு அடுத்த மாவட்டமான திண்டுக்கல்லில் நடந்து, 2007ஆம் ஆண்டு லண்டனின் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு இத்தகைய வாசிப்புக்கு மிகப் பொருத்தமானது. பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையைச் சேர்ந்த ஆர். சங்கரநாராயணனும், அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ சமூக சுகாதார மையத்தின் மருத்துவர்களும் பிறரும் சேர்ந்து அதை நடத்தினர். மாவட்டத்தின் ஒரு பகுதி 114 கொத்துகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றில் 57 கொத்துகள் வி.ஐ.ஏ. பரிசோதனைக்கும் மற்ற 57 கொத்துகள் ஒப்பீட்டுக்கும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. கொத்து என்பது தனிமனிதருக்குப் பதிலாக ஊர் அல்லது ஊர்த் தொகுப்பு ஒன்றை அலகாகக் கொள்வதாகும். ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பெண்ணுக்குப் பரிசோதனையும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு மறுப்பும் என்பது நடைமுறைக்கும் ஒவ்வாது, நியாயத்துக்கும் ஒவ்வாது என்பதால் பொது சுகாதார ஆய்வுகளில் இந்த முறை கையாளப்படுகிறது. குலுக்கலின் நோக்கம் எளிது: வசதி, படிப்பு, மருத்துவமனைக்கான தூரம் போன்ற அறிந்த வேறுபாடுகளும், எவருக்கும் தோன்றாத வேறுபாடுகளும் இரு பக்கத்திலும் ஏறக்குறைய சமமாகப் பரவ வேண்டும் என்பதே அது.

இங்கேயே வாசகர் சற்று நிற்க வேண்டும். இரு பக்கமும் 57 கொத்துகளே இருந்தும், பரிசோதனைப் பக்கத்தில் தகுதியுடைய பெண்கள் 49,311 பேர், ஒப்பீட்டுப் பக்கத்தில் 30,958 பேர். இதை மட்டும் வைத்து ஆய்வில் பிழை நேர்ந்ததாகக் கூறிவிட முடியாது. கொத்துகளின் அளவு சமமற்றிருந்தால் இப்படி நேரலாம். ஆயினும் குலுக்கலுக்குப் பின் இரு பக்கமும் எந்த அளவுக்கு ஒத்திருந்தன என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. அதற்கு விடை தேட வேண்டிய இடம் இரு குழுவினரின் வயது, கல்வி முதலியவற்றை அருகருகே வைத்துக் காட்டும் முதல் அட்டவணை. பலர் புரட்டிவிட்டுப் போகும் அந்த அட்டவணைதான் கட்டுரையின் மிக நேர்மையான பக்கமாக இருப்பது வழக்கம்.

பரிசோதனைப் பக்கத்தின் 49,311 பேரில் 2000 முதல் 2003 வரை உண்மையில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர், அதாவது 63.6 விழுக்காடு. மீதமுள்ள 17,968 பேர் வரவில்லை. அவர்களை என்ன செய்வது என்பதில்தான் ஓர் ஆய்வின் தரம் பெரிதும் அடங்கியிருக்கிறது. பரிசோதனைக்கு வந்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்தால் பயன் கூடுதலாகத் தெரியக்கூடும். ஆனால் அந்த ஒப்பீடு போலியானது, ஏனெனில் அழைத்தவுடன் வருகிற பெண்ணும் வராத பெண்ணும் பல வகையில் வேறுபட்டவர்கள். வருகிறவர் ஓரளவு ஓய்வும் வீட்டாரின் ஒத்துழைப்பும் நடமாடும் உடல்நலமும் பெற்றவராக இருக்கலாம். அவருக்குப் புற்றுநோய் குறைவாக வந்தால் அது பரிசோதனையின் விளைவா, அந்த வசதிகளின் விளைவா என்று பிரித்தறிய இயலாது. எனவே திண்டுக்கல் ஆய்வாளர்கள், வந்தவர் வராதவர் அனைவரையும் குலுக்கல் எந்தப் பக்கம் சேர்த்ததோ அந்தப் பக்கத்திலேயே வைத்துக் கணக்கிட்டனர். சிகிச்சை பெற்றாரா என்பதைப் பாராமல், யாருக்குத் தர எண்ணப்பட்டது என்பதைப் பார்க்கும் இம்முறை 'சிகிச்சை நோக்கப் பகுப்பாய்வு' எனப்படுகிறது. ஒரு கட்டுரையில் இந்தத் தொடர் இல்லையென்றாலோ, தொடர் இருந்தும் அட்டவணையில் எண்கள் கூடி வரவில்லையென்றாலோ, வாசகரின் நம்பிக்கை குறைவதில் தவறில்லை.

வராதவர்களுக்குப் பின், வந்தும் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் 3,088 பேருக்கு ஐயத்துக்குரிய மாற்றம் தெரிந்தது. அவர்களில் 3,052 பேருக்கு உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோப்பியும், 2,539 பேருக்குத் திசுப் பரிசோதனையும் செய்யப்பட்டன. புற்றுநோய்க்கு முந்தைய நிலை கண்டறியப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காடு. பரிசோதனை நடந்த அன்றே, அதே இடத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்களே உறைகுளிர் சிகிச்சை தர ஏற்பாடு இருந்தும், நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் அதைப் பெறவில்லை. ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் குறைந்தனர் என்பதைக் கட்டங்களும் அம்புக்குறிகளுமாகக் காட்டும் படம் இன்று இத்தகைய கட்டுரைகளில் கட்டாயமாக எதிர்பார்க்கப்படுகிறது. கன்சார்ட் என்ற பெயரில் 1996இல் வெளியான எழுத்து நெறிமுறை அதற்கு வழிவகுத்தது. கட்டுரையைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது அந்தப் படத்தைத்தான்.

அடுத்து முடிவு. பரிசோதனைப் பக்கத்தில் 167 பேருக்கு நோய் வந்தது, 83 பேர் இறந்தனர். ஒப்பீட்டுப் பக்கத்தில் 158 பேருக்கு நோய் வந்தது, 92 பேர் இறந்தனர். இரு குழுவும் சமமான அளவில் இல்லாததால் இந்த எண்களை நேராக ஒப்பிட முடியாது. ஒவ்வொரு பெண்ணும் எத்தனை ஆண்டுகள் கண்காணிப்பில் இருந்தார் என்பதைக் கூட்டி, ஆள்-ஆண்டு என்ற அலகில் வகுக்க வேண்டும். அவ்வாறு பரிசோதனைப் பக்கத்தில் 2,74,430, ஒப்பீட்டுப் பக்கத்தில் 1,78,781 ஆள்-ஆண்டுகள் திரண்டன. வகுத்துப் பார்த்தால் ஒரு லட்சம் ஆள்-ஆண்டுக்கு முன்னதில் ஏறத்தாழ 30 இறப்புகளும் பின்னதில் ஏறத்தாழ 51 இறப்புகளும் வருகின்றன. இந்த நேரடி வகுத்தல் இறப்பு 41 விழுக்காடு குறைந்ததாகக் காட்டும். ஆனால் கட்டுரை அறிவித்தது 35 விழுக்காடே. வயது முதலிய வேறுபாடுகளையும் கொத்து அமைப்பையும் கணக்கில் கொள்ளும் புள்ளியியல் முறையைக் கையாண்டதால் வந்த வேறுபாடு இது. பெரிய எண் கைவசம் இருந்தும் சிறிய எண்ணையே அச்சிட வைக்கும் ஒழுங்கு மதிக்கத்தக்கது.

'35 விழுக்காடு குறைந்தது' என்பதும் 'லட்சம் ஆள்-ஆண்டுக்கு ஏறத்தாழ 21 இறப்புகள் தவிர்க்கப்பட்டன' என்பதும் ஒரே ஆய்விலிருந்து வரும் இருவேறு கூற்றுகள். முன்னது ஒப்புமைக் குறைவு, பின்னது முழுமைக் குறைவு. நோய் அரிதாக இருந்தால் ஒப்புமை எண் பெரிதாகவும் முழுமை எண் சிறிதாகவும் தெரியும். மருந்து விற்பவர் முன்னதையும், திட்டத்துக்குப் பணம் ஒதுக்குபவர் பின்னதையும் விரும்பிப் பேசுவதை எங்கும் காணலாம். கட்டுரை ஒன்றை மட்டும் தந்தால், மற்றதை அட்டவணையிலிருந்து வாசகரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முப்பத்தைந்து என்ற எண்ணும் உறுதியான ஒற்றைப் புள்ளி அன்று. கட்டுரை இறப்பு இடர் விகிதத்தை 0.65 என்றும் அதன் நம்பக இடைவெளியை 0.47 முதல் 0.89 வரை என்றும் தருகிறது. இடர் விகிதம் 1 என்றால் இரு குழுவுக்கும் வேறுபாடில்லை. 1க்குக் கீழே சென்றால் பரிசோதனைப் பக்கத்தில் இறப்பு குறைவு. நம்பக இடைவெளி என்பது, தற்செயலின் பங்கை ஏற்றுக்கொண்ட பிறகு, கிடைத்த தரவோடு ஒத்துப்போகக்கூடிய மதிப்புகளின் எல்லை. ஆகவே உண்மையான குறைவு 11 விழுக்காடாகவும் இருக்கலாம், 53 விழுக்காடாகவும் இருக்கலாம் என்பதே அந்த எண்களின் பொருள். எல்லையின் இரு முனையும் 1ஐத் தொடாததால் ஆசிரியர்கள் பயன் உண்டு என்று முடிவு கட்டினர்.

தேனியும் திண்டுக்கல்லும் பழைய மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த அண்டை மாவட்டங்கள் என்பதால், திண்டுக்கல்லில் கிடைத்த முடிவு தேனிக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்வது எளிது. அவ்வளவு எளிதாகக் கொள்ளக் கூடாது என்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்க்கைமுறையே காரணம் காட்டுகிறது. விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் பெண்கள் இப்பள்ளத்தாக்கில் ஏராளம். பகலில் வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பாளருக்கு அவர்களில் பலர் அகப்பட மாட்டார்கள். ஒரு நாள் கூலியை இழந்து முகாமுக்கு வருவதும் அவர்களுக்கு எளிதன்று. இங்கே இத்தகைய ஆய்வு நடத்தப்பட்டால், பகுதியில் வாழ்வோர் பட்டியல் எந்த மாதத்தில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்ற ஒரு வரி முறைகள் பகுதியில் இருப்பது இன்றியமையாதது. வராதவர்களைப் பட்டியலில் வைத்துக்கொண்டு எண்ணுவது ஒன்று; பட்டியலிலேயே ஏறாதவர்களை எந்தப் பகுப்பாய்வாலும் மீட்க முடியாது.

ஒரே பரிசோதனை முறையைப் பற்றி வெவ்வேறு ஆய்வுகள் வெவ்வேறு விடை தருவதும் உண்டு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 52 கொத்துகளில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்து, 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்விலும் சங்கரநாராயணன் பங்கேற்றார். அங்கே புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸைத் தேடும் பரிசோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது, வி.ஐ.ஏ. குழுவின் இடர் விகிதம் 0.86, நம்பக இடைவெளி 0.60 முதல் 1.25 வரை. இடைவெளி 1ஐத் தாண்டியதால் 'புள்ளியியல் முக்கியத்துவம் இல்லை' என்று எழுதப்பட்டது. இதைப் 'பயனில்லை' என்று வாசிப்பது மருத்துவர்களிடமும் காணப்படும் தவறு. நாற்பது விழுக்காடு குறைவும் அந்த இடைவெளிக்குள் அடங்கும், இருபத்தைந்து விழுக்காடு அதிகமும் அடங்கும். பயன் இல்லை என்று அந்த ஆய்வு நிறுவவில்லை, பயன் உண்டு என்று நிறுவ அதனால் இயலவில்லை. மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களே இரண்டாண்டுக்கு ஒரு முறையாக நான்கு சுற்றுகள் நடத்திய ஆய்வு, 2014இல் வெளிவந்தபோது, வி.ஐ.ஏ. இறப்பை 31 விழுக்காடு குறைத்ததாகக் கூறியது. பரிசோதிப்பவரின் பயிற்சி, சுற்றுகளின் எண்ணிக்கை, கண்டறிந்தபின் கிடைத்த சிகிச்சை ஆகியவை மூன்று இடத்திலும் ஒன்றல்ல. எனவே மூன்று கட்டுரைகளின் கடைசி வரிகளை மோதவிடுவதைவிட, அவற்றின் முறைகள் பகுதிகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்பதே பயன் தரும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஹெச்.பி.வி. மரபுப்பொருள் பரிசோதனையையே முதன்மை முறையாகப் பரிந்துரைத்தது.

இந்த மூன்று ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுவினருக்கும் ஆய்வுக் காலத்தில் பரிசோதனை அளிக்கப்படவில்லை. வழக்கமான மருத்துவ வசதியே அவர்களுக்கு இருந்தது. கருப்பைவாய்ப் பரிசோதனை உயிர் காக்கும் என்பது பிற நாடுகளில் பல பத்தாண்டுகளாக அறிந்த செய்தி என்பதால், பரிசோதனையே இல்லாத குழுவை வைத்துக்கொண்டது சரியா என்ற கடுமையான விவாதம் பின்னர் எழுந்து, இந்திய மருத்துவ அறநெறி இதழிலும் இடம்பெற்றது. அந்தப் பகுதிகளில் அக்காலத்தில் ஒழுங்கமைந்த பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லாததால், ஒப்பீட்டுக் குழு எதையும் இழக்கவில்லை என்பது ஆதரிப்போர் வாதம். அந்த வாதத்தில் நடைமுறை உண்மை உண்டு. ஆனால் திண்டுக்கல் அட்டவணையின் 92 என்ற எண்ணை அந்த வாதத்தோடு சேர்த்துப் படிக்கும்போது அது முழு மனநிறைவு தருவதில்லை. கட்டுரையில் அறநெறிக் குழுவின் ஒப்புதல் ஒரு வரியில் முடிந்துவிடுகிறதா, ஒப்புதல் எந்த மொழியில் எவ்வாறு பெறப்பட்டது, ஆய்வு முடிந்தபின் ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன வழங்கப்பட்டது என்பனவும் வாசகர் தேட வேண்டிய செய்திகளே.

விடுபட்டவர்களைத் துரத்திச் சென்று எண்ணுவதில் தமிழகத்துக்குப் பழைய மரபு ஒன்று உண்டு. 1956இல் சென்னையில் நிறுவப்பட்டு இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கும் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீட்டுச் சிகிச்சைக்கும் சானடோரியச் சிகிச்சைக்கும் பிரித்து, ஒரே மருந்துகளை ஓராண்டு தந்து ஒப்பிட்டது. நெரிசலான வீட்டில் குறைந்த உணவோடு இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கும், ஓய்வும் நல்லுணவும் பெற்ற சானடோரியத்தாரில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியது. மருந்து உண்மையில் உட்கொள்ளப்பட்டதா என்று அறியச் சிறுநீர்ச் சோதனையும், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணுவதும் கையாளப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959இல் வெளியான அக்கட்டுரை ஏறத்தாழ நூறு பக்கம் நீண்டது. உலகமெங்கும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்ற மாற்றத்துக்கு அது வித்திட்டது. எட்டுப் பக்கக் கட்டுரையும் தனி இணைப்புகளுமாகப் பழகிவிட்ட இன்றைய வாசகருக்கு அந்த நீளம் சலிப்பூட்டலாம். எந்த நோயாளி எப்போது ஏன் விலகினார் என்பதை இணைப்பில் தேடாமல் கட்டுரைக்குள்ளேயே காணும் வசதி அந்த நீளத்தால்தான் கிடைத்தது.

ஆய்வுக்குள் விடுபடும் மனிதரைப் போலவே, இலக்கியத்திலிருந்து விடுபடும் ஆய்வுகளும் உண்டு. பயன் காட்டிய ஆய்வு விரைவில் அச்சேறுவதும், பயன் காட்டாத ஆய்வு மேசையறையில் உறங்குவதும் மருத்துவ இலக்கியத்தின் நெடுங்காலக் குறை. அதற்கு எதிர்ச்சான்றாகச் செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வைக் கூறலாம். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட அந்த ஆய்வு, ஏழரை ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கும் ஆற்றல் தடுப்பூசிக்கு அங்கே தென்படவில்லை என்று 1979-80இல் அறிவித்தது; பதினைந்தாண்டு முடிவு 1999இல் வெளிவந்தது. எவரும் எதிர்பாராத, எவருக்கும் உவப்பில்லாத முடிவு மறைக்கப்படவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதற்கான சான்று வேறு ஆய்வுகளிலிருந்து வருவதால், பிறந்தவுடன் பி.சி.ஜி. இடுவது தொடர்கிறது, அந்தக் கேள்வியைச் செங்கல்பட்டு ஆய்வு கேட்கவேயில்லை என்பதை மறந்து அதை மேற்கோள் காட்டுவோர் உளர்.

இக்குறையைக் களைய, ஆய்வைத் தொடங்கும் முன்பே அதன் திட்டத்தைப் பொதுவில் பதிவு செய்யும் முறை வந்தது. இந்தியாவில் 2007 ஜூலையில் தொடங்கப்பட்ட மருத்துவச் சோதனைகள் பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்துகிறது. மருந்துச் சோதனைகளுக்கு அந்தப் பதிவு 2009 ஜூன் முதல் கட்டாயமாக்கப்பட்டது. எத்தனை பேர் சேர்க்கப்படுவர், எதை முதன்மை விளைவாக அளப்பர் என்பன அதில் முன்கூட்டியே எழுதப்படுகின்றன. முதன்மை விளைவை முன்பே அறிவிப்பது ஏன் தேவை என்பதற்கு, வயல்வேலையில் கண்ணில் அடிபட்டு வரும் பூஞ்சைப் புண்ணைப் பற்றி அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று மாத முடிவில் பார்வைத்திறன் என்பதை முதன்மை விளைவாக வைத்து 323 நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது, புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசின் சொட்டு மருந்தே மேலானது என்று தெரிந்தது. பத்து விளைவுகளை அளந்து, புதிய மருந்துக்குச் சாதகமான ஒன்றை மட்டும் பின்னர் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இருந்திருந்தால், முடிவு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கக்கூடும்.

பதிவேடு எவரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடியது. பதிவு எண் கட்டுரையின் முதல் பக்கத்திலோ முறைகள் பகுதியிலோ அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு பதிவைத் திறந்து, அங்கே முதன்மை விளைவாக இருந்தது கட்டுரையில் இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருக்கிறதா, சேர்ப்பதாகச் சொன்ன எண்ணிக்கையும் சேர்த்த எண்ணிக்கையும் ஒத்துவருகின்றனவா என்று ஒப்பிட அரைமணி நேரம் போதும். வேறுபாடு இருந்தால் அதற்கான காரணத்தைக் கட்டுரையே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையெனில் ஆய்விதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். லான்செட் உள்ளிட்ட இதழ்கள் அத்தகைய கடிதங்களையும் ஆய்வாளர்களின் மறுமொழியையும் அச்சிடுகின்றன. கடிதம் எழுதுபவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்ற விதியில்லை.